தமிழ்நாடு டிராகன்ஸின் முதல் ஏலம்: பின்னோக்கிய ஒரு மதிப்பீடு

உண்மையான வீரர்களைக் கொண்டு தாளில் ஓர் அணியை அமைத்து, அவர்கள் களத்தில் ஆடும் ஆட்டத்தைப் பொறுத்து அந்தத் தாள் அணிக்குப் புள்ளி கணக்கிடும் பொழுதுபோக்கு, ஃபேன்டசி ஆட்டம் என்ற பெயரில் இன்று கைபேசி வைத்திருக்கும் பலருக்கும் அறிமுகமானது. அமெரிக்கக் கால்பந்தை வைத்து 1962இலும், டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரின் நண்பர் வட்டத்தில் பேஸ்பாலை வைத்து 1980இலும் உருப்பெற்று, பின்னர் பனி ஹாக்கிக்கும் பரவிய இவ்வழக்கத்தில், பருவம் தொடங்குமுன் பங்கேற்போர் முறைவைத்து ஒருவர்பின் ஒருவராக வீரர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். பருவம் முடிந்தபின் பழைய தேர்வுகளை எடுத்துவைத்து, எது தேறியது, எது பொய்த்தது, ஏன் அப்படி ஆயிற்று என்று ஆராய்வது அவ்வழக்கத்தின் மறுபாதி. இந்தியாவில் பணம் கட்டி ஆடும் இத்தகைய ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை விதித்துவிட்டது என்றாலும், இந்தப் பின்னோக்கும் ஆய்வு பணத்தைச் சார்ந்ததன்று. உண்மையான அணி ஒன்றின் உண்மையான தேர்வுகளுக்கு அதைப் பொருத்திப் பார்க்கும்போது, தாள் அணிகளிலிருந்து கிடைப்பதைவிடக் கனமான பாடங்கள் கிடைக்கின்றன.

தமிழகத்தில் அதற்கு ஏற்ற அணி, ஹாக்கி அணியான தமிழ்நாடு டிராகன்ஸ். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி வரை நீளும் வானம் பார்த்த பூமியில் கபடியும் கிரிக்கெட்டும் ஊன்றிய அளவுக்கு ஹாக்கி ஊன்றவில்லை என்பது உண்மையே. ஆனால் இந்நிலம் இரண்டு ஹாக்கி ஊர்களுக்கு நடுவே கிடக்கிறது. வடக்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் மதுரை, 2025 இறுதியில் இளையோர் உலகக் கோப்பை ஆட்டங்களை நடத்திய ஊர். தென்மேற்கே பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகப் போனால் வரும் கோவில்பட்டி, தமிழக ஹாக்கிக்குப் பல தலைமுறைகளாக ஆட்களைத் தந்துவரும் ஊர். டிராகன்ஸ் அணி யாரை எடுத்தது, எவ்வளவுக்கு எடுத்தது என்ற கேள்வி இந்தக் கரிசல் காட்டுக்கு அந்நியமானதன்று என்பது கட்டுரையின் போக்கில் விளங்கும்.

ஹாக்கி இந்தியா லீக் 2013இல் ஐந்து அணிகளுடன் தொடங்கி, 2017 வரை ஐந்து பருவங்கள் நடந்து நின்றுபோயிற்று. அந்த ஐந்தாண்டுகளில் ராஞ்சி, டெல்லி, பஞ்சாப், கலிங்கம் எனக் கோப்பை கைமாறியபோதும், தமிழகத்தின் பெயரில் ஓர் அணி அதில் இருந்ததில்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரனைத் தந்த மாநிலத்துக்கு இது சிறிய இழப்பன்று. 2024இல் லீக் மீண்டும் உயிர்பெற்றபோது ஆடவர் பிரிவின் எட்டு அணிகளுள் ஒன்றாகத் தமிழ்நாடு டிராகன்ஸ் இடம்பெற்றது. அதன் உரிமையைச் சார்லஸ் குழுமம் பெற்றிருந்தது.

இங்கே தேர்வு முறை டிராஃப்ட் அன்று, ஏலம். டிராஃப்டில் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். முறை வந்தால் விலை ஒரு பொருட்டில்லை. ஏலத்திலோ எந்த அணியும் எந்த வீரரையும் கேட்கலாம். ஆனால் ஒருவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு லட்சமும் மற்றொருவருக்கு இல்லாமல் போகும். 2024 அக்டோபர் 13, 14 நாள்களில் டெல்லியில் நடந்த ஆடவர் ஏலத்தில் ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகை 4 கோடி ரூபாய். அதற்குள் 16 இந்தியர், 8 வெளிநாட்டவர் என 24 பேரைச் சேர்க்க வேண்டும். வீரர்களின் தொடக்க விலை 2, 5, 10 லட்சம் என மூன்று படிகளில் வைக்கப்பட்டிருந்தது.

டிராகன்ஸின் பெரிய செலவுகள் மூன்றைப் பார்த்தால் அணியை அமைத்தவர்களின் எண்ணம் புலப்படுகிறது. நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சம், ஒடிசாவின் அமித் ரோகிதாஸுக்கு 48 லட்சம், அயர்லாந்தின் கோல்காப்பாளர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சம்: மொத்தம் 1 கோடியே 34 லட்சம். கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு மூன்று பேருக்கே போய்விட, எஞ்சிய 21 இடங்களுக்கு ஆளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல்தான் மிஞ்சியது. மூவரும் மூன்று நாட்டினர், மூன்று வகை ஆட்டக்காரர் என்று மேலோட்டமாகத் தோன்றினாலும், மூவரையும் இணைக்கும் சரடு ஒன்றுண்டு. மூவரின் மதிப்பும் ஹாக்கியின் ஒரே ஒரு கட்டத்தில், பெனால்டி கார்னரில், உச்சத்தை எட்டுகிறது.

பெனால்டி கார்னர் என்பது, 'டி' எனப்படும் 14.63 மீட்டர் ஆரமுள்ள கோல்வட்டத்துக்குள் தடுக்கும் அணி விதி மீறும்போது தாக்கும் அணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிட, வட்டத்துக்கு வெளியே நிற்பவர் அதை நிறுத்த, மற்றொருவர் கோலை நோக்கிச் செலுத்துவார்; கோல்காப்பாளர் உட்பட ஐவர் மட்டுமே தடுக்க நிற்கலாம், எஞ்சியோர் நடுக்கோட்டுக்கு அப்பால் சென்றுவிட வேண்டும். முதல் அடியை மட்டையால் ஓங்கி அடித்தால், பந்து கோலின் அடியில் பதித்த 46 சென்டிமீட்டர் பலகை உயரத்துக்குள்தான் கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற வரம்பு உண்டு. பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்துச் சுண்டினால் அந்த வரம்பு இல்லை. டிராக் ஃப்ளிக் எனப்படும் இந்தச் சுண்டலில் தேர்ந்தவர் பந்தைக் கோலின் மேல் மூலைக்கே செலுத்த முடியும் என்பதால், உலகெங்கும் அணிகள் இத்திறமைக்குத் தனி விலை கொடுக்கின்றன. யான்சன் அத்தகையவர், ஏலத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நெதர்லாந்து அணியில் ஆடியிருந்தார்.

ரோகிதாஸின் வேலை இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இருக்கிறது. எதிரணி பந்தைத் தள்ளிய கணத்தில் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து, சுண்டுபவரின் மட்டைக்கு முன்னால் தன் உடலையே கொண்டு நிறுத்தும் முதல் ஓட்டக்காரர் அவர். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் பந்துக்கு எதிரே ஓடும் இவ்வேலையில் உலகின் மிகச் சிறந்தவர்களுள் ஒருவராக அவரைக் கருதுவோர் பலர். பாரிஸில் 2024 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய அவர், ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் ஆட முடியாமற்போக, இந்தியா அந்த ஆட்டத்தை 2–3 எனத் தோற்றது. ஒரு வீரரின் மதிப்பு அவர் இல்லாத ஆட்டத்தில் வெளிப்படுவது உண்டு; அந்த அரையிறுதி முடிந்து இரண்டு மாதங்களில் நடந்த ஏலத்தில் அவரை 48 லட்சம் கொடுத்து எடுத்து, அணித் தலைமையையும் ஒப்படைத்தது தெளிவான கணிப்பு. ஓட்டக்காரரைத் தாண்டி வரும் பந்துக்குக் கடைசித் தடை கோல்காப்பாளர். அந்த இடத்துக்கு ஹார்ட். ஆக, கார்னரை அடிக்க ஒருவர், கார்னரைத் தடுக்க இருவர் என்று திட்டமிட்டே மூன்றில் ஒரு பங்குப் பணத்தை டிராகன்ஸ் அணி இறக்கியது.

இத்திட்டத்தின் நியாயத்தை லீக்கின் விதி மாற்றத்தோடு சேர்த்துப் பார்ப்பது அவசியம். 2016, 2017 பருவங்களில், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது விழும் ஃபீல்ட் கோல் ஒன்று இரண்டு கோல்களாகக் கணக்கிடப்பட்டது. கலிங்கா லான்சர்ஸ் 2017 இறுதியாட்டத்தில் மும்பையை 4–1 என வென்ற கணக்கே அவ்விதியின்கீழ் எழுதப்பட்டதுதான். அவ்விதி இருந்தவரை கார்னர் அடிப்பவரின் விலை பாதியாகக் குறைந்திருக்க வேண்டும் என்பது எளிய கணிதம். 2024–25இல் எல்லாக் கோலுக்கும் ஒரே மதிப்பு என்றானபோது, டிராக் ஃப்ளிக் திறமை தன் முழு விலைக்குத் திரும்பியது. ஏலத்தின் உச்சத்தைப் பாருங்கள்: ஹர்மன்பிரீத் சிங்குக்கு சூர்மா அணி 78 லட்சம், அர்ஜென்டினாவில் பிறந்து ஜெர்மனிக்கு ஆடும் கொன்சாலோ பெய்யாட்டுக்கு ஹைதராபாத் 68 லட்சம், ஜுக்ராஜ் சிங்குக்கு வங்காள அணி 48 லட்சம். இந்த மூன்று அணிகளும் டிராகன்ஸும்தான் அந்தப் பருவத்தின் அரையிறுதிக்குச் சென்ற நான்கு அணிகள். கார்னர் அடிக்கும் ஒருவருக்குப் பெருந்தொகை கொடுத்த அணிகளே கடைசி நான்கில் நின்றன என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆயினும் அதை விதியாக்கிவிடக் கூடாது என்பதற்கு லீக்கின் முதல் பருவமே சான்று. 2013இல் மும்பை மேஜிஷியன்ஸ் அணிக்கு ஆடிய சந்தீப் சிங் 11 கோல்களுடன் பருவத்திலேயே அதிக கோல் அடித்தவராக நின்றார்; மும்பையோ பட்டியலின் கடைசியில் நின்றது. அந்த வீழ்ச்சிக்கு ஏல மேசையில் காண முடியாத காரணமும் இருந்தது. இந்திய–பாகிஸ்தான் எல்லையில் எழுந்த பதற்றத்தால் லீக்குக்கு வந்திருந்த ஒன்பது பாகிஸ்தான் வீரர்களும் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவர்களில் நால்வரை இழந்தது மும்பைதான். மானாவாரி நிலத்தில் விதைத்தவனை, பின்னர் மழை பெய்ததா இல்லையா என்பதை வைத்து மதிப்பிடாமல், விதைத்த நாளில் அவன் அறிந்திருந்ததை வைத்து மதிப்பிடுவதே முறை. ஏலத் தேர்வுகளுக்கும் அதே அளவுகோல்தான் பொருந்தும். மும்பையின் தேர்வு தவறு என்று கடைசி இடத்தைக் காட்டிச் சொல்வது, மழையின் குற்றத்தை விதையின்மேல் ஏற்றுவதாகும்.

டிராகன்ஸுக்கு அத்தகைய இடி எதுவும் விழவில்லை. அரையிறுதியில் ஹைதராபாத்திடமும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மாவிடமும் தோற்று நான்காவதாக முடித்த அணியின் தேர்வுகளை, 2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் ஹைதராபாத்தை 4–3 என வீழ்த்திக் கோப்பை வென்ற ஷ்ராச்சி ராட் வங்காளப் புலிகளின் தேர்வுகளோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு துலக்கமாகிறது. இறுதியாட்டத்தில் மூன்று கோல் அடித்தவர் ஜுக்ராஜ் சிங். பருவம் முழுவதிலும் 12 கோல்களுடன் முதலிடம் பெற்றவரும் அவரே. அவருடைய விலை ரோகிதாஸின் விலைதான், 48 லட்சம். பாரிஸ் ஒலிம்பிக்கில் மாற்று வீரராக மட்டுமே சென்றிருந்த அவர், ஏலத்துக்கு ஒரு மாதம் முன் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் சீனாவுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலை அடித்திருந்தார். அண்மையில் கண்ட ஒன்றுக்கு அளவுக்கு மீறி விலை வைப்பது ஏலங்களின் பழைய நோய் என்பதால் அந்த விலையை அன்று ஐயத்தோடு பார்த்திருக்கலாம். ஆனால் அவர் விலைக்கு மேலேயே திருப்பித் தந்தார்.

இதைவிடக் கூர்ந்து நோக்க வேண்டியது, வங்காள அணி தன் ஆகப் பெரிய தொகையை ஜுக்ராஜுக்குக் கொடுக்கவில்லை என்பது. அது 72 லட்சத்தைக் கொட்டியது அபிஷேக் என்ற முன்கள வீரருக்கு. தொடரின் சிறந்த வீரராகத் தேர்வான சுக்ஜீத் சிங்கும் அதே அணியின் முன்கள வீரர். பெனால்டி கார்னர் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் பந்தோடு வட்டத்துக்குள் புகுந்து, தடுப்பவரின் காலிலோ மட்டையிலோ சிக்கி, அதை ஈட்டித் தர வேண்டும். சுண்டுபவருக்குப் பெருந்தொகை கொடுத்து அரையிறுதிக்கு வந்த அணிகள் நான்கு; அவருக்கு வேலை ஈட்டித் தரும் இந்திய முன்கள வீரர்களையும் அதே முனைப்போடு வாங்கிய அணி கோப்பையைப் பெற்றது. டிராகன்ஸ் இந்த வேலைக்கு ஆஸ்திரேலியர்களான பிளேக் கோவர்ஸ், டாம் கிரெய்க், நேதன் எஃப்ராம்ஸ் ஆகியோரை நம்பியது. அவர்கள் சிறந்த ஆட்டக்காரர்களே, ஐயமில்லை. ஆனால் பதினாறு இந்தியர், எட்டு வெளிநாட்டவர் என்ற கட்டுமானத்தில், முன்களத்தின் சுமையை இந்தியர்களிடம் விட்டுவைத்திருக்கும் அணிக்கே வெளிநாட்டு இடங்களை மற்ற வரிசைகளில் செலவிடும் சுதந்திரம் மிஞ்சும். டிராகன்ஸின் முதல் ஏலத்தில் குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கோல்காப்பாளர் தேர்வு வேறொரு வகையில் சிந்திக்க வைக்கிறது. பாரிஸில் தங்கம் வென்ற நெதர்லாந்தின் பிர்மின் பிளாக் 25 லட்சத்துக்கு வங்காள அணிக்கும், வெள்ளி வென்ற ஜெர்மனியின் ஜான்-பால் டானபெர்க் 27 லட்சத்துக்கு ஹைதராபாத்துக்கும், பெல்ஜியத்தின் வின்சென்ட் வனாஷ் 23 லட்சத்துக்கு சூர்மாவுக்கும் கிடைத்த அதே ஏலத்தில், 36 வயதை எட்டியிருந்த ஹார்ட்டுக்கு டிராகன்ஸ் 32 லட்சம் கொடுத்தது. 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளும் உலகின் சிறந்த கோல்காப்பாளர் விருது பெற்றவர் அவர் என்றாலும், எட்டாண்டுப் பழைய புகழுக்கு ஏழு லட்சம் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது என்று ஏட்டுக் கணக்கு சொல்லும். அந்தக் கணக்கில் ஏறாத ஒரு பதிவு உண்டு. ஹார்ட்டின் நிழலில் டிராகன்ஸ் அணியில் இருந்த இளம் கோல்காப்பாளர் பிரின்ஸ் தீப் சிங், 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த இளையோர் உலகக் கோப்பைக் காலிறுதியில், பெல்ஜியத்துடன் சமனில் முடிந்த ஆட்டத்தின் ஷூட்-அவுட்டில் இந்தியாவைக் கரைசேர்த்தார். இந்தியா பின்னர் வெண்கலம் வென்றது. உலகத் தரமான கோல்காப்பாளர் ஒருவரோடு ஒரே வலையில் ஒரு பருவம் பயிற்சி பெறுவதற்கு ஏலத்தில் விலை எழுதும் கட்டம் கிடையாது. ஃபேன்டசி ஆட்டத்தின் புள்ளிக் கணக்கிலும் கிடையாது.

இனி, விலைப்பட்டியலில் உச்சத்தில் வராத, ஆனால் தமிழக வாசகர் முதலில் தேடும் பெயர்: செல்வம் கார்த்தி. அரியலூரைச் சேர்ந்த இந்த முன்கள வீரர், கோவில்பட்டியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் சிறப்பு விளையாட்டு விடுதியில் உருவானவர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்குக் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் இவரும் இந்திய அணியில் எடுக்கப்பட்டபோது, நெடுங்காலத்துக்குப்பின் தமிழகப் பெயர்கள் தேசிய ஆடவர் அணியில் ஏறின. பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். அத்தொடரில் இந்தியா வெண்கலம் பெற்றது. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையில், ஜப்பானை 5–0 என வென்ற அரையிறுதியில் சொந்த மாநிலத்து மக்கள் முன்னால் மீண்டும் கோல் அடித்தார். பாரிஸ் அணியில் இடம் கிடைக்கவில்லை. டிராகன்ஸ் அவரை எடுத்ததை உள்ளூர்ப் பாசம் என்று ஒதுக்குவது தவறு. மேலே சொன்ன குறை, அதாவது வட்டத்துக்குள் புகும் இந்திய முன்கள வீரர் பற்றாக்குறை, அணியில் எவ்விடத்தில் இருந்ததோ அவ்விடத்துக்கே உரியவர் அவர்.

கார்த்தியைத் தேர்ந்தெடுத்த முதல் அணி டிராகன்ஸ் அன்று. அரியலூரிலிருந்து வந்த ஒரு சிறுவனைப் பார்த்து, இவனை விடுதியில் சேர்க்கலாம் என்று கோவில்பட்டிக்காக முடிவெடுத்தார்களே, அதுதான் அவர் வாழ்க்கையின் முதல் தேர்வு. 4 கோடியும் மேசையும் ஒலிவாங்கியும் இல்லாமல் நடந்த தேர்வு. ஏல மேசையில் இந்திய முன்கள வீரர்களுக்கு ஏன் அவ்வளவு போட்டி, ஏன் அபிஷேக்குக்கு 72 லட்சம் என்ற கேள்விக்கு விடை, நாட்டில் அத்தகையோர் போதுமான அளவில் உருவாகவில்லை என்பதில் இருக்கிறது. அதை ஏலம் சரிசெய்ய முடியாது, விடுதிகளே சரிசெய்ய முடியும்.

கோவில்பட்டி ஏன் ஹாக்கி ஊரானது என்பது தனி ஆய்வுக்குரியது. ஆனால் அது எத்தகைய நிலத்தில் ஹாக்கி ஊராக நிற்கிறது என்பதை அருப்புக்கோட்டைப் பக்கத்து மக்கள் எளிதில் உணர்வார்கள். குடிநீருக்கே தாமிரபரணியையும் சீவலப்பேரிக் குழாயையும் பார்த்திருக்கும் ஊர் அது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தளத்துக்கு மாறியபின், உயர்நிலை ஆட்டம் படிப்படியாக நனைத்த தளத்துக்கு வந்துவிட்டது. பந்து சீராக உருளவும் விழும் வீரரின் தோல் உரியாதிருக்கவும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் தளத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உள்ள களத்தை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நனைப்பதற்கே ஐயாயிரம் லிட்டருக்கு மேல் தேவை. கண்மாய் வறண்ட ஆண்டுகளில் இந்தக் கணக்கைத் திருச்சுழி வட்டாரத்தில் எவரிடமும் விளக்க வேண்டியதில்லை. பாரிஸில் விரிக்கப்பட்ட தளம் முன்னையவற்றைவிடக் குறைந்த நீரில் இயங்கும்படி அமைக்கப்பட்டது என்பதும், நீரே வேண்டாத தளத்தை நோக்கிச் சர்வதேசச் சம்மேளனம் நகர முனைகிறது என்பதும் ஐரோப்பாவுக்குச் சுற்றுச்சூழல் செய்தி. கோவில்பட்டிக்கும், மண் தரையில் மட்டை பிடிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும், அது எத்தனை சிறுவர்கள் முறையான தளத்தில் கால் வைக்க முடியும் என்பதைத் தீர்மானிக்கும் செய்தி.

இந்தப் பின்னணியில், ஏலப் பட்டியலை அலசுவதற்குச் செலவிடப்படும் உழைப்பில் ஒரு பகுதியை விடுதித் தேர்வுகளுக்கும் திருப்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள். எந்த ஆண்டில் எத்தனை சிறுவர், சிறுமியர் தேர்வுக்கு வந்தனர், எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தனர், அவர்களில் முன்களத்துக்கு எத்தனை பேர், தடுப்புக்கு எத்தனை பேர் எடுக்கப்பட்டனர், ஐந்தாண்டு கழித்து அவர்கள் எங்கே ஆடினர், எடுக்கப்படாதவர்களில் பின்னர் வேறு வழியில் மேலேறியவர் எவரேனும் உண்டா என்று ஆண்டுவாரியாக எழுதிவைத்தால், தேர்வு செய்யும் பயிற்சியாளர்களின் கண் எங்கே கூர்மையானது, எந்தத் திசையைப் பார்க்கத் தவறியது என்பது தெரியவரும். அரியலூர் வரை எட்டிய அந்தப் பார்வை, பந்தல்குடிக்கும் பாளையம்பட்டிக்கும் திருச்சுழிக்கும் எத்தனை முறை வந்தது என்பதையும் அந்தப் பதிவேடே சொல்லும்.